ருசி பார்க்காத தளிகை

ஓமலூர் வருவதற்குள் கேரியரின் சூடு புடவையைத் தாண்டித் தொடையில் இறங்கிவிட்டது. பின்சீட்டில் வைத்திருக்கலாம்தான். கோதண்டராமன் கிளம்பும்போதே சொன்னார், பின்னாடி வெச்சிடேன் பிரமி, எதுக்கு மடியில சுமக்கறேன்னு. வைத்தால் சாய்ந்துவிடும் என்று பிரமிளா சொன்னாள். அது பொய், அந்தக் கேரியர் பூகம்பம் வந்தாலும் சாயாது, அவள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர், இரண்டு பக்கமும் கொக்கி போட்டால் ஆணியடித்த மாதிரி நிற்கும். அடியில் தயிர்சாதம், அதன் மேல் புளியோதரை, அதன் மேல் சர்க்கரைப் பொங்கல், உச்சியில் வடையும் சுண்டலும். அந்த இரண்டாவது அடுக்கை மட்டும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைப் பொத்துகிற மாதிரி. அதில் உப்பு இருக்கிறதா, இல்லையா, இரண்டு தடவை இருக்கிறதா. இதுதான் விஷயம், வேறொன்றும் இல்லை, மனுஷர்கள் என்னென்னவோ கவலையோடு காரில் போகிறார்கள், இவள் ஒரு கை உப்புக் கவலையோடு போகிறாள். வெளியே மழை பெய்து ஓய்ந்த புரட்டாசிச் சனிக்கிழமை வெயில், மஞ்சளாக, யார்மேலும் கோபமில்லாத வெயில். சாலையோரத்தில் மரவள்ளி தழைத்து நின்றது. எவ்வளவு நன்றாக இருக்கிறது பார் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள், வகுப்பில் தூங்குகிற பெண்ணை ஸ்கேலால் தட்டுகிற மாதிரி. பார், நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமே.

முப்பது வருஷமாக ஒரு மழைக்காலத்தில்கூட இந்த மனுஷர் வீட்டில் இருந்ததில்லை. ஈ.பி. இன்ஜினியர். வானத்தில் ஒரு இடி இடித்தால் போதும், எங்கேயோ கம்பி அறுந்திருக்கும், எங்கேயோ மரம் சாய்ந்திருக்கும், தட்டில் பாதிச் சோறு காய்ந்துகொண்டிருக்க ஜீப் வந்து வாசலில் நிற்கும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்த தலையோடு போயிருக்கிறார். இந்த ஆனியில் ரிட்டயரானார். ஆனவர் சும்மா ஒரு மூலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிரமிளாவுக்கு ஒரு சிரமமும் இல்லை, திட்டிக்கொண்டே இருந்திருப்பாள், நேரம் போயிருக்கும். இவரோ ஏற்காடு என்றார், கொல்லிமலை என்றார், ஒகேனக்கலில் பரிசல் என்றார், பரிசலில் அவள் பயந்து அவர் சட்டையைப் பிடித்தபோது கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தார். மத்தியானம் மழை பிடித்தால் வாழைக்காய் சீவிக் கொடுக்கிறார், பஜ்ஜி போடு பிரமி, நான் பக்கத்தில நிக்கறேன். பக்கத்தில நிக்கறேன். ஏன் பக்கத்தில் நிற்க வேண்டும்? முப்பது வருஷம் அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஆள். அவள் சமையலறையை விட்டு வெளியே வந்ததும் இவர் உள்ளே போகிறார், தண்ணீர் குடிக்கிற மாதிரி. டம்ளர் சத்தம் கேட்கிறது. அதோடு இன்னொரு சின்னச் சத்தம், டிக் என்று, அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்க்கிற சத்தம். அவள் அணைத்துவிட்டுத்தான் வந்திருப்பாள். அணைத்துவிட்டுத்தானே வந்தாள்?

அணைத்தாள். நிச்சயம். ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, மாதிரிக்குப் பார்க்கலாம், எட்டாம் வகுப்பு பி பிரிவு அட்டெண்டன்ஸ், சிஸ்டர் பெர்னடெட் கூப்பிடுகிற வரிசை: ஆக்னஸ், அமுதா, பெனசீர், கேத்தரின், தமயந்தி, எலிசபெத், கிரேஸ், ஹம்சவேணி, ஜாஸ்மின், கல்பனா, லில்லி, மேபல், மேபலுக்கு அப்புறம், மேபலுக்கு அப்புறம் ஒரு பெண், குள்ளமாக, முன்பெஞ்சில், மூக்குச் சளியோடு. விடு, அதற்கு அப்புறம் பிரமிளா, அவளேதான், பிரசன்ட் சிஸ்டர். ஒரே ஒரு பெயர். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு சளிமூக்கி. இதை மறப்பதில் என்ன தப்பு? ஆனால் போன மாதம் ஒரு மத்தியானம் முழுக்க ஜல்லிக்கரண்டிக்குப் பெயர் வரவில்லை. கையில் கரண்டி இருக்கிறது, எண்ணெயில் அப்பளம் இருக்கிறது, வார்த்தை இல்லை. அந்த ஓட்டை போட்டது, அந்த ஓட்டை போட்டது என்று வேலைக்காரி செல்வியிடம் கத்தி, அவள் சல்லடையைக் கொண்டுவந்து நீட்டி, அதற்கும் ஒரு வசவு வாங்கிக்கொண்டு போனாள். இதெல்லாம் வயதுதான், மெனோபாஸ்தான், மூளைக்குப் புழுக்கம் என்று வாட்ஸப்பில்கூட வந்தது. ஆனாலும் பழசெல்லாம் கணீரென்று ஞாபகம் இருப்பது ஒரு சர்டிபிகேட் இல்லை என்பது வேறு யாரையும்விட பிரமிளாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் பழசெல்லாம் கணீரென்று இருந்தது. கடைசிவரைக்கும் தன் கல்யாணத்துக்கு யார் யார் என்னென்ன புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்வாள். பிரமிளாவைத்தான் யாரென்று தெரியாமல் போயிற்று, நீ எந்த ஊரும்மா, நல்ல லட்சணமா இருக்கே, வாய்தான் கொஞ்சம் நீளம்.

அம்மாவுக்கு உப்பில்தான் ஆரம்பித்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அப்பா சொல்லவில்லை. அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர், ஊரிலிருந்து பிரமிளா போன் செய்தால், உங்கம்மா இன்னிக்கு வத்தக்குழம்பு வெச்சிருந்தா பாரு, பிரமாதம், என்பார். தினமும் பிரமாதம். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், உப்பைக் குறைக்கலையா நீங்க என்று டாக்டர் கேட்டதற்குச் சிரித்தாராம். ஒரு நாள் பாத்ரூமில் விழுந்தார், விழுந்தவர் எழவில்லை. காரியத்துக்கு வந்த பிரமிளா அடுப்படியில் மூடியிருந்த ரசத்தைத் தம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். கடல் தண்ணீர். உண்மையிலேயே கடல் தண்ணீர். அம்மா கூடத்தில் உட்கார்ந்து, நல்லாருக்கா, அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும், அவர் வரட்டும், என்றாள். அன்றைக்கு பிரமிளாவுக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இது அன்பா? ஒரு வார்த்தை சொல்லாமல், ஒருவரையும் கூப்பிடாமல், பெண்டாட்டி கையால் வாய் வாயாக உப்பை வாங்கித் தின்று செத்துப்போவதற்குப் பெயர் அன்பா? சொல்லியிருந்தால் மருந்து உண்டு, கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று பிற்பாடு நரம்பு டாக்டர் சொன்னார். பிரமாதம் என்ற வார்த்தையை அன்றிலிருந்து பிரமிளாவால் சகிக்க முடிவதில்லை. கோதண்டராமன் நல்லவேளையாக முப்பது வருஷத்தில் அதைச் சொன்னதில்லை, ம் என்பார், இன்னும் கொஞ்சம் போடு என்பார், ரொம்பப் பிடித்தால் தட்டை வழிப்பார். இப்போது சொல்கிறார். ஆடியிலிருந்தா, ஆவணியிலிருந்தா, சொல்லிக்கொண்டிருக்கிறார். காலையிலும் மாத்திரை போட்டுக்கொண்டார், வெள்ளையில் ஒன்று, ரத்தக்கொதிப்புக்கு.

"என்ன யோசனை?" என்றார் கோதண்டராமன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "ஒண்ணுமில்ல. அந்த லாரிக்காரன் பின்னாலயே போகப்போறீங்களா, இல்ல அவனுக்குப் பொண்ணு பாத்துட்டு வரப்போறீங்களா?" என்றாள். அவர் சிரித்துவிட்டு லாரியைத் தாண்டினார். பார், வாய் சரியாகத்தான் வேலை செய்கிறது. வாய் இருக்கிறவளுக்கு மூளை இல்லாமல் போகுமா? போகும், அம்மாவுக்கும் வாய் கடைசியில்தான் போயிற்று. சரி, காலையைத் திரும்பப் பார்க்கலாம், முதலிலிருந்து, நிதானமாக. தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரத்துண்டோடு அடுப்படி. தளிகைக்கு விதி ஒன்றுதான், பெருமாளுக்குப் படைக்கும்வரை சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது, மோந்துகூடப் பார்க்கக் கூடாது. புகுந்த வீட்டு வழக்கம். எழுதி முடித்ததும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்காமல் என் மேஜைக்குப் பேப்பரைக் கொண்டுவராதே என்று சிஸ்டர் பெர்னடெட் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த பிரமிளா, இங்கே வந்து வருஷா வருஷம் புரட்டாசியில் பெருமாளிடம் சரிபார்க்காத பேப்பரை நீட்டிக்கொண்டிருக்கிறாள். இதுவரைக்கும் பயம் இருந்ததில்லை. கண் அளவு, கை அளவு, கல் உப்பு கைக்குள் விழுகிற கனம். புளி கொதிக்கும்போது உப்புப் போடுவாள். போட்டாள். ஜாடி மூடியைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இன்றைக்குத் திறந்ததா, போன வாரம் திறந்ததா? தினமும் திறக்கிற மூடி. அப்போது குக்கர் விசில் அடித்தது. அப்போது அவர் வந்து வாசலில் நின்றார். உப்பு போட்டாச்சா என்றார். என்றாரா? என்றார். ஏன், நீங்க வந்து போடறீங்களா என்று இவள் வெடுக்கென்று கேட்டது காதிலேயே இருக்கிறது. அவர் போய்விட்டார். அதற்கப்புறம் இவள் ஜாடியைப் பார்த்தாள். மூடி திறந்திருந்தது. போட்டுவிட்டுத் திறந்து வைத்தாளா, போடுவதற்காகத் திறந்து வைத்தாளா, அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கை போட்டாளா? அங்கேதான் சிக்குகிறது, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், மேபலுக்கு அப்புறம் வருகிற பெண் மாதிரி. இந்தக் கை போட்டதா இல்லையா என்று இந்தக் கைக்கே தெரியவில்லை.

மேச்சேரியில் கோதண்டராமன் காரை ஓரம் கட்டினார், வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வருகிறேன் என்று இறங்கினார். இது சமயம். கொக்கியைத் தள்ளி, மேல் இரண்டு அடுக்கைத் தூக்கி, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் முடிந்தது. பெருமாள் சாப்பிட்டாகிவிட்டது, விதியெல்லாம் முடிந்தது. வீட்டிலேயே பார்த்திருப்பாள், இவர்தான் விடவில்லை. கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் கேரியரை எடுத்து வைத்துவிட்டார், சூட்டோட அடைச்சிடலாம், அணையில போய்ச் சாப்பிடலாம், விரதத்துக்கு ஒரு வாய் போதும் என்று அவள் உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்தார். சர்க்கரைப் பொங்கல். ஏன் சர்க்கரைப் பொங்கல்? ஏன் புளியோதரை இல்லை? போன சனிக்கிழமை நடந்தது வேறு. அவள் பக்கத்து வீடுகளுக்குச் சுண்டல் பிரசாதம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் புளியோதரை இல்லை. அவ்வளவையும் நானே முடிச்சிட்டேன், பிரமாதம், கை நிக்கல என்றார். அரைப்படி அரிசி. சரி, நாக்கு ருசி. ஆனால் அந்தப் பாத்திரம்? அடியில் ஒட்டியதையாவது வழிக்கலாம் என்று போனால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டிருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு ஸ்பூனை ஸிங்க்கில் போட்டறியாத ஆள். கரண்ட் லைன் எங்கே போய்விட்டது என்று தெரிந்தால் ஜனங்களிடம் முதலில் சொல்ல மாட்டோம் பிரமி, கூட்டம் கூடும், முதல்ல அந்த இடத்தைத் தனியாக் கழட்டி விட்டுருவோம் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்வார். கழட்டி விட்டிருக்கிறாரா அவளை? கொக்கி ஒன்று திறந்துவிட்டது. இன்னொன்றில் கட்டைவிரல் இருந்தது. பெட்டிக்கடை முன்னால் அவர் வெள்ளரிப்பிஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்படியெல்லாம் பார்க்கத் தேவையில்லாத காய். கொஞ்சம் குனிந்த முதுகு. எப்போது குனிந்தது அது? பார்த்துவிட்டால் பார்த்ததுதான், அதற்கப்புறம் பார்க்காதவளாக ஆக முடியாது. இன்னும் கொஞ்ச தூரம், அணைவரைக்கும், புருஷனோடு காரில் சுற்றுலா போகிற சாதாரணப் பொம்பளையாக இருந்துவிட்டுப் போகிறேன். கொக்கியைத் திரும்பப் போட்டாள்.

மேட்டூர் காலியாக இருந்தது. மற்ற மாதங்களில் பூங்கா வாசலில் மீன் பொரிக்கிற புகையில் கண்ணைத் திறக்க முடியாது, முனியப்பன் கோயில் பக்கம் கிடா வெட்டுக் கூட்டத்தில் காரை நிறுத்த இடம் இருக்காது. புரட்டாசிக்கு ஊர் பாதி சைவம். கடைகளில் வாணலிகள் சும்மா இருந்தன. ஒரு மீன்காரம்மா மட்டும் மசாலா தடவிய மீன்களைத் தட்டில் விசிறி மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு, "அக்கா, சூடாப் போட்டுத் தரட்டுமா?" என்றாள். "புரட்டாசி." "தெரியுமே, அதான் பாதி வெலை." "பெருமாளுக்கும் பாதி வெலை சொல்லிருவியாட்டம் இருக்கு." "அவரு வந்தா சும்மாவே குடுப்பேன். சாரு மொகத்தப் பாத்தா புரட்டாசியாத் தெரியலயே." கோதண்டராமன் சத்தமாகச் சிரித்தார், பிரமிளாவும் சிரித்தாள். சிரிப்பு சுத்தமாக, ஒரு கலப்பும் இல்லாமல் வந்தது, அந்த ஒரு நிமிஷம் கேரியர் கையில் கனக்கவே இல்லை. புல்வெளியில் ஈரம். தூரத்தில் அணையின் சாம்பல் நிறச் சுவர், அதன் மேலே மலை, மலையின் மேலே அடுத்த மழைக்கு வேண்டிய மேகம். கல்யாணமான புதிதில் இங்கேதான் குவார்ட்டர்ஸ். சாயங்காலம் இதே புல்லில் உட்கார்ந்து இவர் மதகுகளை எண்ணிக் காட்டுவார், அவளுக்கு அணையும் பிடிக்காது எண்ணிக்கையும் பிடிக்காது, ஆனால் எண்ணுகிற விரல் பிடிக்கும். மழைக்கோட்டை விரித்து அதன் மேல் போர்வையை விரித்தார். வாழையிலை நறுக்குகளைத் துடைத்தார். "நீ உக்காரு, நான் போடறேன்."

"நான் போடறேன்."

"கெளம்புனதுலேர்ந்து மடியில வெச்சிருக்கே, காலு மரத்திருக்கும். குடு."

"என் கால் எனக்குத் தெரியும்," என்றாள் பிரமிளா. கேரியரின் இந்தப் பக்கக் காதை அவளும் அந்தப் பக்கக் காதை அவரும் பிடித்திருந்தார்கள். பார்க்கிறவர்கள் சாப்பாட்டுக்குச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். அவர் கண் அவள் கண்ணைப் பார்க்காமல் இரண்டாவது அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை போதுமாயிருந்தது. உண்மையில் அதற்கப்புறம் வாயில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இழுத்துப் பிடுங்கினாள், திறந்தாள், இலையில் வைக்கக்கூட இல்லை, அடுக்கிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

முதலில் நல்லெண்ணெய் வந்தது, வெந்தயம் வந்தது, புளி வந்தது, எல்லாம் அதனதன் இடத்தில், அவள் கையேதான், வேறு யார் கைக்கும் வராத பக்குவம். அப்புறம் உப்பு வந்தது. வந்துகொண்டே இருந்தது. நாக்கின் ஓரங்கள் சுருண்டன, காதுக்குப் பின்னால் கூசியது, அம்மாவின் அடுப்படியில் நின்று குடித்த அந்த ரசம் இத்தனை வருஷம் கழித்து ஒரு வாய் சோறாகத் திரும்பி வந்திருந்தது. உப்பே இல்லாமல் சாப்பிடுவதற்கு ஒப்புக்கொண்ட பெருமாள் கும்பகோணத்துப் பக்கம் கோயில் கொண்டிருக்கிறார், இரண்டு மடங்கு உப்பைச் சாப்பிட ஒப்புக்கொண்ட பெருமாள் எங்கேயும் கிடையாது, அது சேலத்தில் ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் வீட்டில் படமாகத் தொங்கி, காலையில் ஒரு வார்த்தை சொல்லாமல் இதைச் சாப்பிட்டிருக்கிறது. அந்தக் கூசலில், எங்கிருந்தோ, சம்பந்தமே இல்லாமல், நிர்மலா என்று வந்தது. மேபலுக்கு அப்புறம் நிர்மலா. முன்பெஞ்சு, சளிமூக்கு. கிடைத்துவிட்டது, ஆனால் இப்போது யாருக்கு வேண்டும் அவள். பிரமிளா விழுங்கினாள். நிமிர்ந்து பார்ப்பதற்குள் கோதண்டராமன் கையை அடுக்குக்குள் விட்டு, ஒரு பெரிய கவளமாக, அவள் கவளத்தைவிடப் பெரிதாக எடுத்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். மெல்ல ஆரம்பித்தார். கண்ணில் லேசாக நீர் கட்டியது.

"பிரமாதம்," என்றார்.

அவள் இடது கையை நீட்டி அவர் முகவாய்க்குக் கீழே ஏந்தினாள், மகள் நந்திதா குழந்தையாக இருந்தபோது மண்ணைத் தின்றால் ஏந்துகிற மாதிரி. "துப்புங்க."

"என்னது?"

"துப்புங்கன்னு சொல்றேன்ல. எங்கப்பா வேலை இங்க வேண்டாம். துப்புங்க."

புல்வெளியில் ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அறுபது வயது மனுஷர் கன்னம் உப்ப அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்புறம் தலையைக் குனிந்து அவள் உள்ளங்கையில் துப்பினார். சூடாக இருந்தது. அதை அவள் இலை நறுக்கில் மடித்தாள், கையைக் கழுவினாள், அடுக்கை மூடினாள், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, தப்பில்லாமல், இந்தக் கைகளுக்கு எவ்வளவு தெரிகிறது பார்.

"எப்பத்துலேர்ந்து?"

"ஆடிப் பதினெட்டு." அவர் அணையைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு எலுமிச்சஞ்சாதம். அப்புறம் நடுநடுவுல. எல்லா நாளும் இல்ல பிரமி. பத்து நாளைக்கு ஒண்ணுமே இருக்காது."

"யாருக்குத் தெரியும்?"

"நந்திதாகிட்ட சொன்னேன். பெங்களூர்ல ஒரு டாக்டர் பாத்து வெச்சிருக்கா."

"எங்கிட்ட?"

அவர் வெள்ளரிப்பிஞ்சை எடுத்து உடைத்தார். "சொன்னா நீ அடுப்படிக்குப் போறதையே விட்டுருவியோன்னு இருந்தது. ரிட்டயராயி இப்பத்தான் வீட்டுச் சாப்பாட்டை உக்காந்து சாப்பிடறேன். இந்த ஒரு மழைக்காலமாவது..."

எப்பேர்ப்பட்ட சுயநலம் என்று நினைத்தாள், வாயில் ரெடியாக நாலு வசவு வந்து நின்றது. மேகம் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் அந்த மீன்காரம்மா யாரையோ கூப்பிட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிரமிளா அடி அடுக்கைத் திறந்தாள். தயிர்சாதம், காலையில் அவரே பிசைந்தது, மாதுளை முத்துக்கூடப் போட்டிருந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். சரியாக இருந்தது. இலையில் அவருக்குப் போட்டாள், தனக்குப் போட்டுக்கொண்டாள்.

"வியாழக்கிழமை பெங்களூர் போறோம்," என்றாள். "டாக்டர்கிட்ட நான் பேசறேன், நீங்க நடுவுல வாயைத் திறக்கக் கூடாது. சனிக்கிழமைக்குள்ள திரும்பிடணும், கடைசிச் சனிக்கிழமை, தளிகை இருக்கு."

"பண்ணப்போறியா?"

"பின்ன யாரு பண்ணுவா, செல்வியா? நான்தான் பண்ணுவேன். உப்பு மட்டும் நீங்க போடறீங்க. எவ்வளவுன்னு நான் கையைக் காட்டறேன். போட்டுட்டு ஜாடியைக் கீழ வைக்கக் கூடாது, கையிலயே வெச்சிக்கிட்டு நிக்கணும். நான் திரும்பக் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"திட்டுவியே."

"திட்டுவேன். வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டுவேன். ஒருவேளை நீங்க யாருன்னே தெரியாம திட்டுவேன்." அவர் இலையில் இன்னொரு கை தயிர்சாதம் வைத்தாள். "அப்பவும் குடுக்கக் கூடாது. சாப்பிடுங்க, மழை வருது."